வரம்பால் போனவள்

போன சனிக்கிழமை வாணி என்னைக் களை பிடுங்கக் கூட்டிக்கொண்டு போனாள். வாணி என் மகள். நாங்கள் கனடாவில் ரூஜ் பக்கம் வீடு வாங்கி வந்து பதினொரு வருடமாகிறது. வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம் போனால் காடு. நடப்பதற்குக் காரில் போகிற ஊர் இது. அதற்கு நான் இன்னும் பழகவில்லை. வசந்தம் வந்தால் அங்கே ஆட்கள் கூடி ஒரு களையைப் பிடுங்குவார்கள். முழங்கால் உயரம், வெள்ளைப் பூ, இலையைக் கசக்கினால் உள்ளிப்பூண்டு மணம். முன்னொரு காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் கறிக்கென்று கொண்டுவந்து நட்டார்களாம். இப்போது அது காடெல்லாம் பரவி இங்கத்தைச் செடிகளை வளர விடுவதில்லையாம். பச்சைச் சட்டை போட்ட பெண் ஒருத்தி இதையெல்லாம் விளக்கி, வெளியிலிருந்து வந்தது, ஒரு வேரும் மிஞ்சாமல் பிடுங்குங்கள் என்றாள். குனிந்து பிடுங்கினேன்.

பிடுங்கின கையை மூக்கடியில் வைத்தேன். அப்படியே நின்றுவிட்டேன். வாணி, "என்னம்மா, முதுகு பிடிச்சிட்டுதோ?" என்று ஓடி வந்தாள். முதுகு இல்லை. அந்த மணம் எனக்குத் தெரிந்த மணம். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில், வேலியோரம், காலில் சப்பாத்து இல்லாமல் நின்றபோது என் காலடியில் நசிந்து மணத்த செடி இதுதான்.

அந்த ஊரின் பேரை நான் சரியாகச் சொன்னதே கிடையாது, ஆகையால் இங்கேயும் விட்டுவிடுகிறேன். ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஊர் முடிகிற இடத்தில் காருக்கு எண்ணெய் அடிக்கிற ஒரு பெற்றோல் செற், அதோடு ஒரு சின்னக் கடை. அந்தப் பெற்றோல் செற்றில்தான் இவருக்கு வேலை. இவர் என்றால் என் கணவர்; பேர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. முதலாளி நம்முடைய ஆள், லண்டனில் இருந்தார், கிழமைக்கு ஒருதரம் வருவார். கடைக்கு மேலே இரண்டு அறை எங்களுக்கு. விடியப்புறம் பாணும் பாலும் வந்து இறங்கும். ஆட்கள் வருமுன் நான் கீழே போய் அடுக்கிவிட்டு மேலே ஏறிவிடுவேன். அவ்வளவுதான் என் உலகம். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், இங்கிலிஸ் ஒரு சொல் வராது. வந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். தமிழிலேயே நான் அதிகம் பேசுவதில்லை.

இவர் ஒரு கட்டளை போட்டிருந்தார்.

"கேஸ் முடியுமட்டும் ஒருத்தற்றை கொப்பியிலையும் எங்கடை பேர் ஏறக் கூடாது. விளங்குதோ?"

எங்கள் அகதிக் கேஸை ஒருமுறை மறுத்துவிட்டார்கள். இரண்டாம் முறை போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவும் பிழைத்தால் மூன்று பேரையும் பிளேனில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்த அந்த நாளில் திருப்பி அனுப்புவதென்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகையால் இவர் தெருவில் எச்சில்கூடத் துப்ப மாட்டார். யாராவது பேனையை எடுத்தாலே இவருடைய முகம் மாறும்.

அப்படியிருக்க நான் எப்படி நடக்கப் போனேன்? அது வாணி பண்ணின வேலை. மிசிஸ் ஹார்ட் என்று ஒரு கிழவி காலையில் பாலுக்கு வருவா. எண்பது வயதிருக்கும், பனைபோல உயரம், கழுத்தில் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் பாதைகள் கீறின ஊர்ப்படத்தைத் தொங்கவிட்டிருப்பா. ஒருநாள் நான் பாண் அடுக்கி முடிக்குமுன் உள்ளே வந்துவிட்டா. என்னைப் பார்த்து ஏதோ கேட்டா. வாணிக்கு அப்போது ஒன்பது வயது, பள்ளிக்கூட உடுப்போடு நின்றாள்.

"அம்மா, சனிக்கிழமையிலை நடக்கிறவையாம். உங்களையும் வரட்டாம்."

"ஐயோ, வேண்டாம் எண்டு சொல்லு."

வாணி திரும்பி ஏதோ சொன்னாள். கிழவி சந்தோசமாகத் தலையாட்டிவிட்டுப் போனா. "என்னடி சொன்னனி?" என்றேன்.

"ஓம் எண்டு சொன்னனான்."

இரவு இவரிடம் சொன்னேன், கொஞ்சம் யோசித்தார். "நடக்கிறதுக்கு ஆர் பேர் கேக்கப் போகினம், போட்டு வாரும்" என்றார். அறைக்குள்ளேயே கிடந்து நான் மெலிந்துகொண்டு போனது அவருக்கும் தெரிந்திருக்கும்.

முதல் நாள் சேலையோடு போனேன். அங்கே வயலுக்கு வயல் வேலி. வேலியில் நம்முடைய கடப்புப் போல பலகை வைத்திருப்பார்கள், ஏறித் தாண்ட வேண்டும். இரண்டாவது கடப்பில் சேலை மடிப்பு, அந்தக் கொய்யகம், பலகையில் மாட்டி நான் அந்தரத்தில் நின்றேன். கூட வந்த கிழவர்கள் இரண்டு பேரும் மரியாதையாக மற்றப் பக்கம் திரும்பி நின்று மாடு பார்த்தார்கள். மிசிஸ் ஹார்ட் முட்செடி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தா. சேலையை வெட்டப் போகிறாவோ என்று நான் கும்பிட்டேன். அவ வெட்டினது பலகையில் நீட்டிக்கொண்டிருந்த கொடியை. அடுத்த கிழமை நான் இவருடைய காற்சட்டை ஒன்றைப் போட்டு, இடுப்பில் சணல் கயிறு கட்டிக்கொண்டு போனேன். இவர் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. "மற்றதை எடும், அது வேலைக்கு" என்றார்.

கோட்டை காட்டக் கூட்டிப் போனார்கள். நான் யாழ்ப்பாணத்துக் கோட்டையை நினைத்துக்கொண்டு போனேன், மதிலும் அகழியும் என்று. ஏறினோம், ஏறினோம், ஒரு புல் மேடு. செம்மறி ஆடுகள் மேய்ந்தன. "கோட்டை எங்கை எண்டு கேள்" என்றேன். வாணி கேட்டாள். மிசிஸ் ஹார்ட் கைத்தடியால் என் காலடியைக் காட்டினா.

"அதுக்கு மேலைதான் நிக்கிறியளாம், அம்மா."

இங்கிலிஸ்காரர் பேசினதை நான் இப்படித்தான் எழுத முடியும். வாணி வாயால் வந்ததைத்தான் நான் கேட்டேன்.

இன்னொரு கிழமை, அம்பு மாதிரி நேராகப் போகிற தெரு ஒன்றைக் காட்டி, ரோமாபுரிச் சேனை போட்டது என்றார்கள். எனக்குத் தார் மட்டும்தான் தெரிந்தது. இன்னொரு கிழமை பழைய மடத்துச் சாமிமார் மீன் வளர்த்த குளம். ஒரு பள்ளம், அதில் தண்ணீரும் இல்லை மீனும் இல்லை. இல்லாததைக் காட்டுவதில் அவர்களுக்கு அப்படியொரு பெருமை. நானும் பார்த்துத் தலையாட்டுவேன். ஆனால் காற்று நல்லாக இருந்தது. திரும்பி வந்தால் பசித்தது. இரவில் நித்திரை வந்தது. நித்திரை வந்து எவ்வளவு காலம்!

ஒரே ஒரு இடம் எனக்கு உடனே விளங்கியது. பெரிய கோதுமை வயல் ஒன்றுக்கு அப்பால் தனியே நிற்கிற ஒரு கல் தேவாலயம். சுற்றிவர ஒரு வீடு இல்லை. மிசிஸ் ஹார்ட் சொன்னா, முன்பு அதைச் சுற்றி ஊர் இருந்ததாம். புல்லுக்குள் சின்னச் சின்ன மேடாகத் தெரிவதெல்லாம் வீட்டு நிலங்களாம்.

"நிலக்காரர் ஆக்களை ஊரை விட்டு எழுப்பிப்போட்டு ஆடு விட்டவையாம், அம்மா. ஆட்டிலைதானாம் அப்ப காசு."

"எழும்பின ஆக்கள் எங்கை போனவை?"

வாணி கேட்டாள். மிசிஸ் ஹார்ட் தோளைத் தூக்கினா.

"ஆருக்கும் தெரியாதாம்."

நான் அந்த மேடொன்றில் கொஞ்ச நேரம் இருந்தேன். அடுப்பு எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று பார்த்தேன்.

அந்த இடத்துக்கு அடுத்த முறை ஆனி மாதத்தில் போனோம். அன்றைக்கு மிசிஸ் ஹார்ட்டும் வாணியும் நானும் மட்டும். முன்பு மண்ணாகக் கிடந்த வயல் இடுப்பளவுக்கு வளர்ந்து கதிர் தள்ளி நின்றது. ஊர்ப்படத்தில் பாதை நேரே வயலுக்குள்ளால் போகிறது. வயலில் பாதையைக் காணவில்லை, கமக்காரர் அதற்கு மேலேயும் விதைத்துவிட்டார். அங்கத்தைச் சட்டத்தில் அப்படியான பாதை எல்லாருக்கும் சொந்தமாம். கமக்காரர் விதைக்கலாம், ஆனால் பாதையை வெட்டித் திறந்துவிட வேண்டுமாம். இந்த ஆள் வருடாவருடம் திறப்பதில்லையாம். ஆட்கள் நடக்காமல் விட்டால் நாளைக்குப் பாதையே இருந்ததில்லை என்பார்களாம். சொல்லிக்கொண்டே மிசிஸ் ஹார்ட் தடியை ஊன்றிக் கோதுமைக்குள் இறங்கிவிட்டா. படாரென்று கதிர் மடங்கியது. வாணி, குளத்துக்குள் குதிக்கிற மாதிரிப் பின்னாலே பாய்ந்தாள்.

என்னால் கால் வைக்க முடியவில்லை.

நான் கமக்காரன் மகள். கதிர் தள்ளின பயிரை மிதித்தால் எங்கள் ஐயா சாப்பாடு தர மாட்டார். வயலுக்கு வரம்பு இருக்கும், வரம்பால் போகவேண்டும், அதுவும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு. ஆகையால் நான் சப்பாத்தைக் கழற்றினேன். வயல் ஓரம் வேலிக்குப் பக்கத்தில் ஒரு முழம் புல் விட்டிருந்தது. அதுதான் வரம்பு என்று நினைத்தேன். அதற்கு முன்னால் ஒரு சின்னப் படலை, படலையில் சிவப்பு எழுத்து. எனக்கு இங்கிலிஸ் எழுத்துத் தெரியாது. திறந்தேன், போனேன். குளிர்ந்த புல், உள்ளி மணம்.

பாதி தூரம் போயிருக்க மாட்டேன், ஒரு ஜீப் வந்து நின்றது. ஒரு நாய், அதற்குப் பின்னால் சிவந்த முகத்தோடு கமக்காரர். கத்தினார். நாயும் கத்தியது. நான் இரண்டு கையிலும் சப்பாத்தோடு நின்றேன். அவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், திரும்பக் காலைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார்.

"நேம்?"

அந்தச் சொல் எனக்குத் தெரியும். பொய்ப் பேர் ஒன்று சொல்லியிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்தேன். அப்போது வாயில் வந்தது என் பேர்தான். அது நீளமான பேர். மூன்று தரம் சொல்ல வைத்தார். அதற்கிடையில் கோதுமைக்குள்ளால் மிசிஸ் ஹார்ட் தடியைத் தூக்கிக்கொண்டு வந்தா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கிழித்தார்கள். வாணி மொழிபெயர்க்கவில்லை. "கூடாத சொல்லம்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்து நான் இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாணியையும் சொல்ல விடவில்லை. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன், ஒருநாள் போடாமலே விட்டேன். அடுத்த சனிக்கிழமை தலையிடி என்று படுத்துவிட்டேன். கீழே ஒவ்வொரு கார் வந்து நிற்கும்போதும் அதன் கதவு எப்படிச் சாத்துகிறது என்று கேட்பேன். கேஸ் பிழைத்தால் அது என்னால்தான். இரண்டு பேரையும் நான் ஒரு முழம் புல்லுக்காக ஏற்றி அனுப்பப் போகிறேன். ஒன்பது நாள் இப்படி.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. முத்திரை போட்ட கடிதம், என் பேருக்கு. எனக்கு யார் கடிதம் போடப் போகிறார்கள்? இவர்தான் கையில் வைத்திருந்தார். வாணி எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஊர் நிருவாகம் பார்க்கிற கவுன்சில் கந்தோரிலிருந்து. இன்ன நாள், இன்ன வயலில் நடந்த சம்பவம் பற்றி உங்களிடம் கேட்கவேண்டும், வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வயல் படலையடிக்கு வரவும்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று பார்த்தேன். இவர் ஏசவில்லை. பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதில் இருந்தார்.

"பேர் ஏறிட்டுது," என்றார். கொஞ்சம் பொறுத்து, "வயலுக்குள்ளை ஏனப்பா சப்பாத்தைக் கழட்டினனீர்?"

"நெல்லுக்குள்ளை சப்பாத்தோடை போறேல்லையே."

"அது நெல் இல்லை."

"எனக்கும் தெரியும்."

வியாழக்கிழமை வாணிக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிட்டோம். இவர் கல்யாணக் கோட்டைப் போட்டார். கேஸ் கடுதாசி எல்லாம் இருக்கிற கோப்பை, பிறப்புச் சான்றிதழிலிருந்து அம்மை குத்தின துண்டுவரை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கேட்டால் எல்லாத்தையும் காட்டிவிடுவோம், ஒளிக்கப்படாது என்றார். அந்தப் பச்சை வயலோரத்தில் கறுப்புக் கோட்டும் கோப்பும் கூட வர நான் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

சீருடை போட்ட ஆள் யாராவது நிற்பார் என்றுதான் நினைத்தோம். அங்கே நின்றது சேற்றுச் சப்பாத்துப் போட்ட ஒரு இளம் பெண். கம்பில் பூட்டின சில்லு ஒன்றை உருட்டி நிலம் அளந்துகொண்டிருந்தாள். ஒரு பக்கம் கமக்காரர், மறு பக்கம் மிசிஸ் ஹார்ட். மிசிஸ் ஹார்ட் என்னைக் கண்டதும் ஓடி வந்து வாணியின் காதில் ஏதோ சொன்னா.

"அம்மா, பாதை கண்ணுக்குத் தெரியேல்லை, அதாலைதான் ஓரத்தாலை போனனான் எண்டு சொல்லட்டாம். கவுன்சிலுக்கு எழுதினது அவதானாம். உங்கடை பேரைச் சாட்சியாப் போட்டவவாம்."

என் பேரை ஏற்றினது கமக்காரர் இல்லை, என் சிநேகிதி! இவர் கோப்பை மற்றக் கக்கத்துக்கு மாற்றினார்.

கந்தோர்ப் பெண் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "அண்டைக்கு ஏன் சுத்திப் போனனீங்கள் எண்டு கேக்கிறா."

மிசிஸ் ஹார்ட் சொன்னபடி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் நடந்தது அதுவல்ல. பாதை இருக்கிற இடம் எனக்குத் தெரியும், அவ அதால்தானே போனா. எத்தனையோ கந்தோர்களில் எத்தனையோ பேர் கேட்ட கேள்விக்கு, சொல்லித் தந்த மாதிரியே சொல்லிச் சொல்லி எனக்குக் களைத்துப் போயிருந்தது.

"அது பயிர், பிள்ளை. கதிர் வந்திட்டுது. நான் மிதிக்க மாட்டன். வரம்பாலை போனன்."

வாணி சொன்னாள். கமக்காரர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி ஏதோ கேட்டார்.

"சப்பாத்தை ஏன் கழட்டினவ எண்டு கேக்கிறார். பன்னிரண்டு நாளா யோசிக்கிறாராம்."

அதற்கும் சொன்னேன். ஐயாவைப் பற்றி, வரம்பைப் பற்றி. என் வாழ்நாளில் பிற மனிதருக்கு முன்னால் அவ்வளவு நீளமாகப் பேசினது அன்றைக்குத்தான். கமக்காரர் ஒரு கதிரைப் பிடுங்கி உள்ளங்கையில் கசக்கி ஊதினார். பிறகு என்னைக் காட்டி ஒன்று சொன்னார், மிசிஸ் ஹார்ட்டைக் காட்டி ஒன்று சொன்னார். வாணி சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"நீங்கள் எப்பவும் ஓரத்தாலை போகலாமாம், அம்மா. உவ கால் வைக்கப்படாதாம்."

"முப்பது வரியம்!" மிசிஸ் ஹார்ட் தடியால் நிலத்தில் குத்தினா. "முப்பது வரியமா இந்த மனுசனோடை நான் சண்டை பிடிக்கிறன்!" வாணி அதை அவவின் குரலிலேயே சொன்னாள்.

கந்தோர்ப் பெண் சொன்னாள்: ஓரம் அவருடைய நிலம், அவர் விரும்பினவரை விடட்டும். பாதை வேறு. அதை இரண்டு கிழமைக்குள் வெட்டித் திறக்க வேண்டும். கமக்காரர் முணுமுணுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அவ்வளவுதான். இவர் கோப்பை நீட்டினார். அந்தப் பெண் விளங்காமல் பார்த்தாள். வாணி ஏதோ சொல்ல, தலையை ஆட்டிக் கோப்பைத் திறவாமலே இவருடைய கையில் திருப்பி வைத்தாள்.

"எங்களைப் பற்றி ஒண்டும் தேவையில்லையாம் அப்பா. பாதையைப் பற்றித்தானாம் கேக்க வந்தவ."

இவர் அந்த இடத்திலேயே ஒரு பெருமூச்சு விட்டார், கோட்டின் பொத்தான் தெறிக்கிற மாதிரி. நான் படலையைப் பிடித்துக்கொண்டேன். நாய் வந்து என் கையை நக்கியது.

அன்று பின்னேரமே கமக்காரர் பாதையை வெட்டிவிட்டார், மிசிஸ் ஹார்ட் கேட்டதைவிட அகலமாக. அடுத்த சனிக்கிழமை இவர் முதலாளியிடம் அரை நாள் கேட்டு எங்களோடு வந்தார். தேவாலயத்தைப் பார்க்கவேண்டும் என்றார். வயலடிக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"ஓரத்தாலை போக எனக்குப் பெர்மிஷன் இல்லை. உமக்குத்தானே தந்தவர்."

நான் ஓரத்தால் போனேன். இவர் வெட்டின பாதையால் போனார். நடுவில் கோதுமை. இரண்டு பேரும் அந்தக் கரையும் இந்தக் கரையும் நின்று பேசுகிற மாதிரிச் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு போனோம். என்ன பேசினோம்? இரவைக்கு என்ன கறி, வாணிக்கு எந்தப் பல் விழப் போகிறது. நாலு வருடமாகக் குசுகுசுத்தே பேசிக்கொண்டிருந்த மனுசன் ஒரு வயல் தூரத்துக்குக் கத்தினார்.

கேஸ் அடுத்த மாசியில் சரிவந்தது. பிறகு தங்கை இங்கே இருக்கிறாள் என்று கனடாவுக்கு வந்தோம். இவர் மிசிசாகாவில் வேலை செய்து, ஓய்வெடுத்து, போய்ச் சேர்ந்தும் ஆறு வருடமாகிறது. மிசிஸ் ஹார்ட்டிடமிருந்து நத்தாருக்கு நத்தார் வாழ்த்து மட்டை வரும். ஒரு வருடம் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை.

போன ஐப்பசியில் வாணி வேலை விசயமாக இங்கிலாந்து போனாள். ஒரு நாளை மிச்சம் பிடித்து அந்த ஊருக்கும் போயிருக்கிறாள். அங்கிருந்து போன் எடுத்தாள். பெற்றோல் செற் இல்லையாம். கமக்காரர் இறந்து, பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டார்களாம். வயலில் இப்போது வரிசையாக வீடு. "உங்கடை வரம்பும் இல்லையம்மா. அதிலை ஆரோ வீட்டுப் பின்பக்கக் கோடி. பிள்ளையளின்ரை ஊஞ்சல் ஒண்டு நிக்குது."

எனக்குக் கவலை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஒரு மனுசன் இரங்கித் தந்தது அவரோடு போயிற்று, அது அப்படித்தான்.

"அப்ப மற்றப் பாதை?"

"அது கிடக்கு. ரண்டு மதிலுக்கு நடுவாலை நேரா, அந்தக் கல்லுக் கோயிலடி வரைக்கும். அதை மறிக்கேலாதாம். நான் இப்ப அதிலைதான் நிக்கிறன்."

"ஆரும் கேட்டவையோ?"

"என்னத்தை?"

"பேர்."

"இல்லையம்மா. ஒரு மனிசி நாயோடை வந்தவ. காலமை வணக்கம் சொல்லிப்போட்டுப் போட்டா."